டேப்பு புடிச்சு அளந்துட்டு போனாரே, அப்பறம் என்னாச்சு? கட்டிட விதி இன்ஸ்பெக்டர் வேலை, அடிப்படையில இருந்து

பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டை ஒட்டி மாடி ஏத்தறாரு, நம்ம ஜன்னலைத் தொறந்தா அவங்க செவுருதான் தெரியுது, முனிசிபாலிட்டியில ஒரு பெட்டிஷன் குடுத்தாச்சு, ஒருத்தர் வந்து டேப்பு புடிச்சு அளந்து நாலு போட்டோ எடுத்துட்டு போனாரு, அதோட சரி, மாசக்கணக்கா ஒன்னும் நடக்கல. உடனே ஊர்ல ரெண்டு பேச்சு கிளம்பும். பெட்டிஷன் குடுத்தவர் "காசு வாங்கிட்டுப் போயிட்டானுங்க"ம்பாரு. மாடி கட்டறவர் "நாளைக்கு ஜேசிபி கொண்டாந்து இடிச்சுப் போடுவாங்களாம்ங்க"ன்னு தூக்கம் வராம கிடப்பாரு. ரெண்டு பேருமே அந்த டேப்பு புடிச்ச மனுசனுக்கு இல்லாத அதிகாரம் ஒன்னு இருக்கறதா நெனச்சுக்கிட்டுத்தான் பேசறாங்க.

நான் திருப்பூர்ல வீட்டுக்கு பிளான் வரைஞ்சு குடுக்கற வேலைல இருக்கறவன். வர்றவங்க கேக்கறதுல பாதி இந்தக் குழப்பம்தான், வாய்ல சொல்லிச் சொல்லி தொண்டை காஞ்சு போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதிப் போட்டுடலாம்னு. சட்டம் படிச்சவங்களுக்கு இதுல புதுசா ஒன்னும் இருக்காது, முதல்தடவை கேக்கறவங்களுக்குத்தான்.

யாருங்க இவங்க?

அமெரிக்கா மாதிரி ஊர்ல இதுக்குன்னே ஒரு வேலை இருக்கு, கோடு என்ஃபோர்ஸ்மென்ட் ஆபீசர்னு பேரு. வீட்டு முன்னாடி புல்லு மண்டிக் கிடந்தாலும், ஓடாத காரை வாசல்ல போட்டு வெச்சிருந்தாலும், பர்மிட் இல்லாம ஷெட்டு போட்டாலும் அவர்தான் வருவாரு. நம்மூர்ல அந்த ஒரே வேலைய பிச்சு பல மேஜைக்குப் பங்கு போட்டு வெச்சிருக்கு.

கட்டிடம்னா நகரமைப்பு ஆய்வாளர், ஆபீஸ்ல டவுன் பிளானிங் இன்ஸ்பெக்டர்ம்பாங்க, சுருக்கமா டிபிஐ. குப்பை, சாக்கடை, கொசு, 2019 ஜனவரி 1ல இருந்து தடை பண்ணின பிளாஸ்டிக் பை, டம்ளர் இதெல்லாம் சுகாதார ஆய்வாளர், அதாவது சானிட்டரி இன்ஸ்பெக்டர். இவங்களுக்கு மேல நகரமைப்பு அலுவலர், உதவி ஆணையாளர், எல்லாத்துக்கும் மேல கமிஷனர். கிராம ஊராட்சின்னா இந்த மாதிரி தனி இன்ஸ்பெக்டர் கிடையாது, ஊராட்சி ஆபீஸும் யூனியன் ஆபீஸும் பாத்துக்கணும்.

நம்ம பக்கம் இது இன்னும் கொஞ்சம் சிக்கல், ஏன்னா ஊரு வேகமா மாறிடுச்சு. திருப்பூரும் ஈரோடும் மாநகராட்சி ஆனது 2008ல, கரூர் 2021ல, நாமக்கல் 2024ல. 2011ல கோயமுத்தூர்ல குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையமெல்லாம் மாநகராட்சிக்குள்ள வந்துச்சு, திருப்பூர்ல வேலம்பாளையமும் நல்லூரும் வந்துச்சு. நேத்து வரைக்கும் தோட்டமும் இட்டேரியுமா இருந்த இடம், இன்னைக்கு வார்டு. வீடு அதேதான், அதைப் பாக்க வர்ற ஆபீஸ்தான் வேற.

செக்கிங் டேபிள்ல உக்காந்திருக்கற அக்கா

இந்த வேலைய புரிஞ்சுக்கறதுக்கு திருப்பூர்க்காரங்களுக்கு வெளிய எங்கயும் போக வேண்டாம், பனியன் கம்பெனி செக்கிங் செக்ஷனை நெனச்சுக்குங்க போதும். அங்க ஒரு அக்கா டேபிள் முன்னாடி நிக்கும், கையில டேப்பு, எதுக்க பையர் அப்ரூவ் பண்ணின சாம்பிள் பீஸ், பக்கத்துல அளவு சார்ட்டு. தையல்ல இருந்து வர்ற பீஸை விரிச்சு நெஞ்சளவு, உயரம், கை நீளம் அளந்து பாக்கும், சாம்பிளோட ஒத்துப் போகலைன்னா தப்பு இருக்கற இடத்துல சின்ன ஸ்டிக்கர் ஒட்டி ஆல்ட்டருக்குத் தள்ளும்.

அந்த அக்கா என்ன பண்ணாதுன்னு பாருங்க. டிசைன் எனக்குப் புடிக்கலைன்னு ஒரு பீஸை ஒதுக்க முடியாது. தப்பா தைச்ச டெய்லரை வேலைய விட்டு அனுப்ப முடியாது. கத்திரி எடுத்து பீஸை வெட்டிப் போடவும் முடியாது. மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணலாமா வேண்டாமாங்கறது மேல இருக்கறவங்க முடிவு. ஆனா அந்த ஸ்டிக்கர் இல்லைன்னா மேல இருக்கறவங்களுக்கு எதுவுமே தெரியாது.

டிபிஐ வேலை கிட்டத்தட்ட இதேதான். உங்க அப்ரூவ்டு பிளான்தான் சாம்பிள். அளவு சார்ட்டு எதுன்னா, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019. அவர் ஒட்டற ஸ்டிக்கர்தான் நோட்டீஸ். சீல் வெக்கலாமா, இடிக்கலாமாங்கறது கமிஷனரோ, உள்ளூர் திட்டக் குழுமமோ எடுக்கற முடிவு.

அளக்கறது எதை?

மூனே விசயம் புரிஞ்சா போதும், மத்ததெல்லாம் இன்ஜினியர் பாத்துக்குவாரு.

முதல்ல செட்பேக். உங்க இடத்து எல்லைக்கும் கட்டிடத்துக்கும் நடுவுல விட வேண்டிய காலி இடம், அவ்வளவுதான். முன்னாடி எவ்வளவு விடணுங்கறது ரோட்டு அகலத்தைப் பொறுத்தது, சாதாரண வீட்டுக்கு 9 மீட்டருக்குள்ள இருக்கற ரோடுன்னா 1.5 மீட்டர், ரோடு பெருசாகப் பெருசாக இதுவும் ஏறும். காத்து வரணும், வெளிச்சம் வரணும், தீப்புடிச்சா ஆள் சுத்தி வரணும், அதுக்குத்தான். "என்ற எடத்துல நான் கட்டறேன், அவனுக்கென்ன"ன்னு கேக்கறவங்க கேஸ் சிலிண்டர் பத்திக்கிட்ட சந்துல ஒருக்கா நின்னு பாத்தா கேக்க மாட்டாங்க.

ரெண்டாவது எஃப்எஸ்ஐ. எல்லா மாடியையும் கூட்டி மொத்தம் எத்தனை சதுர அடி கட்டலாம்னு சொல்ற கணக்கு. உயரம் குறைஞ்ச சாதாரண கட்டிடத்துக்கு இது 2. ரெண்டே முக்கால் சென்ட் இடம், அதாவது சுமாரா 1200 சதுர அடி இருந்தா எல்லா தளமும் சேத்து 2400 வரைக்கும் போகலாம்னு அர்த்தம். அதுவும் செட்பேக் விட்டது போக எவ்வளவு வருதோ அதுதான்.

மூனாவது பயன்பாடு. கட்டிடம் எதுக்குன்னு பிளான்ல காட்டினீங்களோ அதுக்குத்தான் பயன்படுத்தணும். இதை யாருமே மதிக்கறதில்ல, எங்கூர்ல எச்சான பிரச்சினையே இதுலதான் வருது. பிளான்ல கீழ்த்தளம் தூண் மட்டும், கார் பார்க்கிங்னு போட்டிருக்கும். கட்டி முடிச்சு ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பாத்தா தூணுக்கு நடுவுல ஹாலோ பிளாக் வெச்சு அடைச்சு, உள்ள பவர் டேபிள், ஓவர்லாக் மிஷின் வரிசையா ஓடிட்டிருக்கும், வாசல்ல கட்டிங் வேஸ்ட் மூட்டை அடுக்கியிருக்கும், மேல குடி இருக்கறவங்க வண்டியெல்லாம் ரோட்டுல நிக்கும். செவுரு, உயரம், செட்பேக் எல்லாம் பிளான்ல இருக்கற மாதிரியே கச்சிதமா இருக்கும், ஆனா இது விதிமீறல்தான். வண்டி நிக்கற இடத்துல துணி இருக்குது, துணி பத்திக்கிச்சுன்னா மேல இருக்கறவங்க இறங்கற படி அதுக்குள்ளதான் வருது. பல்லடம், சோமனூர் பக்கம் வீட்டு ஏரியாவுல தறி ஓட்டறதும் இதே கதைதான், அங்க சத்தமும் சேந்துக்கும்.

இதுவரைக்கும் சுருக்கமா: இன்ஸ்பெக்டர் ஒப்பிட்டுப் பாக்கறவர். பிளானையும் விதியையும் ஒரு பக்கம் வெச்சு, நிக்கற கட்டிடத்தை இன்னொரு பக்கம் வெச்சு, இடம் விட்டிருக்கா, மொத்த அளவு தாண்டுச்சா, சொன்ன வேலைக்குத்தான் பயன்படுதான்னு பாத்து எழுதறதுதான் அவர் வேலை.

பெட்டிஷன் குடுத்த அப்பறம் உள்ள என்ன ஓடுது

பெட்டிஷன் வந்ததும் முதல்ல பழைய ஃபைலைத் தேடணும், அந்தக் கட்டிடத்துக்கு அனுமதி இருக்கா, இருந்தா என்ன நம்பர்னு. அப்பறம்தான் ஸ்பாட்டுக்கு வர்றது. பிளான் காப்பியை பைக் சீட்டு மேல விரிச்சு வெச்சுட்டு, எல்லைக்கல்லுல இருந்து செவுத்துக்கு டேப்பு புடிப்பாரு, சன்ஷேடு எவ்வளவு நீட்டிருக்குன்னு பாப்பாரு, படிக்கட்டு வெளிய வந்திருக்கான்னு பாப்பாரு, போட்டோ எடுப்பாரு.

பாதி கேஸ் இங்கயே சிக்கிக்கும், ஏன்னு யாருக்கும் தெரியாது. செட்பேக் அளக்கணும்னா எல்லை எதுன்னு தெரியணும். "கல்லையே இவன் தள்ளி நட்டுட்டான்"னு ஒருத்தர் சொன்னா டிபிஐயால ஒன்னும் பண்ண முடியாது, எல்லை சொல்றது வருவாய்த்துறை சர்வேயர் வேலை, எஃப்எம்பி ஸ்கெட்ச்சை, அதாவது சர்வே ஆபீஸ்ல இருக்கற நில அளவு வரைபடத்தை வெச்சு அவர் வந்து அளக்கணும். அதுலயும் தகராறுன்னா சிவில் கோர்ட்டு. பெட்டிஷன் குடுக்கறவங்க நிலத்தகராறையும் கட்டிட விதியையும் ஒரே பேப்பர்ல கலந்து எழுதிப் போட்டா, ஆபீஸ்ல "எல்லைப் பிரச்சினை, உரிய நீதிமன்றத்தை அணுகவும்"னு ஒரே வரில மூடி அனுப்பிடுவாங்க. தனித்தனியா எழுதுங்க.

மீறல் இருக்குன்னு தெரிஞ்சா அடுத்து நோட்டீஸ். இதுக்கு அடிப்படை 1971ஆம் வருசத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். பிளான் பேசறவங்க வாய்ல அடிக்கடி வர்ற 56, 57ங்கறது இந்தச் சட்டத்தோட பிரிவு எண்தான். 57 நடந்துட்டிருக்கற வேலைய நிறுத்தச் சொல்றது. 56 கட்டினதை அகத்தணும், இல்லைன்னா சரிபண்ணி பழைய நிலைக்குக் கொண்டாரணும்னு சொல்றது. நோட்டீஸ்ல சர்வே நம்பர், அனுமதி நம்பர், எந்தப் பக்கம் எவ்வளவு மீறல், எந்தப் பிரிவு, எத்தனை நாளைக்குள்ள பதில், இதெல்லாம் தெளிவா இருக்கணும். "விதிகளுக்குப் புறம்பாகக் கட்டப்பட்டுள்ளது"ன்னு மொட்டையா எழுதிக் குடுத்த நோட்டீஸ் கோர்ட்டுக்குப் போனா நிக்காது. கையில வாங்க மாட்டேன்னா பதிவுத் தபால், அதுவும் திரும்பி வந்தா கதவுல ஒட்டி, ஒட்டினதை ஒரு போட்டோ. ஒட்டிட்டுப் போன பொறவு கிழிச்சுப் போட்டா நோட்டீஸே வரலைன்னு சொல்லிக்கலாம்னு நெனைக்கறவங்களுக்காகத்தான் அந்த போட்டோ.

அப்பறம் எதிர்த்தரப்பு பதில், விசாரணை, உத்தரவு. உத்தரவையும் மதிக்கலைன்னா பூட்டி சீல் வெக்கறது. அதுக்கு மேல அரசுக்கு மேல்முறையீடு போகலாம், ஐகோர்ட்டுக்கும் போகலாம், ஸ்டே வாங்கிட்டா ஃபைல் அப்படியே உறைஞ்சு போகும். 2024 நவம்பர் 13ல சுப்ரீம் கோர்ட்டு குடுத்த தீர்ப்புல, இடிக்கறதுக்கு முன்னாடி குறைஞ்சது 15 நாள் நோட்டீஸ் குடுக்கணும், சொல்றதைக் கேக்கணும், காரணம் எழுதின உத்தரவு போடணும்னு நாடு பூராத்துக்கும் சேத்துச் சொல்லியாச்சு. அப்ப பொழுதோட பெட்டிஷன் குடுத்து விடியறப்ப ஜேசிபி வரணும்னு எதிர்பாக்கறது நடக்காத காரியம், நடந்தா அதுதான் சட்டவிரோதம்.

ஆனா இந்த 15 நாள் பாதுகாப்பு ரோடு, நடைபாதை, நீர்நிலை மாதிரி பொது இடத்துல கட்டினதுக்குக் கிடையாது. அதனாலதான் ரோட்டோரத் தள்ளுவண்டியும் கடை முன்னாடி ஷெட்டும் காலைல காணாமப் போகுது, நாலாவது மாடி மட்டும் வருசக்கணக்குல அப்படியே நிக்குது. பாக்கறவங்களுக்கு ஏழைக்கொரு சட்டம் பணக்காரனுக்கொரு சட்டம்னு தோணறதுல ஆச்சரியமில்ல, எனக்கே தோணும். தள்ளுவண்டிக்காரங்களுக்கும் 2014ல தெருவோர வியாபாரிகள் சட்டம்னு ஒன்னு வந்திருக்கு, விற்பனைச் சான்று வெச்சிருக்கறவங்களை இடம் மாத்தறதுக்கோ அகத்தறதுக்கோ 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும், ஆனா அந்தச் சான்று கையில இல்லைன்னா அந்தச் சட்டப்படி அமைச்ச விற்பனைக் கமிட்டிகிட்ட பேசறதே கஷ்டம்.

சுருக்கமா: அளவு, நோட்டீஸ், பதில், உத்தரவு, சீல், மேல்முறையீடு. இதுல இன்ஸ்பெக்டர் கையில இருக்கறது முதல் ரெண்டு படி, ஆனா அவர் எழுதினது சொத்தையா இருந்தா மேல இருக்கற நாலு படியும் சாஞ்சுடும்.

காசு விசயம் பேசாம விட்டா நீங்களே திட்டுவீங்க. வாங்கறவங்க இருக்காங்க, பவுடர் தடவின நோட்டோட லஞ்ச ஒழிப்புத்துறை புடிக்கற செய்தியும் வருது, இல்லைன்னு யாரும் சொல்லல. ஆனா நான் பாத்த வரைக்கும் தாமதமான ஃபைல் எல்லாம் காசு வாங்கின ஃபைல் இல்லீங்க. ஒரு ஆள் அத்தனை வார்டைப் பாக்கணும், நடுவுல கவுன்சிலர் போன், கோர்ட்டு வாய்தா, புது பிளான் பரிசீலனை, அதுக்குள்ள அடுத்த பெட்டிஷன்.

"வரி கட்டறனே, கரண்ட்டு இருக்கே, அப்பறம் என்ன?"

வாரம் ஒருத்தர் கேக்கற கேள்வி. சொத்து வரி ரசீது இருந்தா கட்டிடம் சட்டப்படி சரின்னு அர்த்தம் இல்ல. கட்டிடம் இருக்குது, அதை அனுபவிக்கறீங்க, அதுக்கு வரி, அவ்வளவுதான். அனுமதி இல்லாத கட்டிடத்துக்கும் வரி போடுவாங்க, வரி போட்டதால அனுமதி வந்துடாது. கரண்ட்டு கனெக்ஷனும் அப்படித்தான்.

இதுல சேந்த இன்னொரு குழப்பம் "பஞ்சாயத்து அப்ரூவ்டு" மனை, அதாவது ஊராட்சி மட்டும் ஒப்புதல் குடுத்தது. 2016 செப்டம்பர்ல சென்னை ஐகோர்ட்டு அங்கீகாரமில்லாத மனைப் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டப்பத்தான் நெறைய பேருக்கு தங்க மனைக்கு அங்கீகாரமே இல்லைன்னு தெரிஞ்சுது. அப்பறம் 2017ல வரன்முறைத் திட்டம், அதாவது அங்கீகாரமில்லாததை முறைப்படுத்திக் குடுக்கற திட்டம் வந்துச்சு, 2016 அக்டோபர் 20 வரைக்கும் பதிவானதுக்கு. மனை வரன்முறை ஆனா மனைதான் சரியாச்சு, மேல கட்டற வீட்டுக்கு தனியா பிளான் அனுமதி வேணும்.

புதுசா வந்த குழப்பம் சுயசான்று. 2024 ஜூலைல தொடங்கினது, 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500 சதுர அடிக்குள்ள வீடு, கீழ்த்தளமோ அதோட ஒரு மாடியோ, ஆன்லைன்ல நீங்களே உறுதிமொழி குடுத்து உடனே அனுமதி வாங்கிக்கலாம். நல்ல திட்டம், எங்க வேலையும் குறைஞ்சுது. ஆனா "இனி விதியே கிடையாதாம்"னு பேசிக்கறாங்க. செட்பேக்கும் எஃப்எஸ்ஐயும் அப்படியேதான் இருக்கு, முன்னாடி ஆபீஸ் பாத்துச் சொன்னதை இப்ப நீங்க கையெழுத்துப் போட்டுச் சொல்றீங்க. மீறினா "ஆபீஸ்லதான் ஓகே பண்ணினாங்க"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

இவர் மேஜைக்கு வராதது

நகரமைப்பு ஆபீஸ்ல போய் ஓட்டல் பிரியாணி கெட்டுப்போச்சுன்னு சண்டை போடறவங்களைப் பாத்திருக்கேன். அது உணவுப் பாதுகாப்புத் துறை, 2006ஆம் வருசத்து சட்டம், அவங்களுக்கு தனி அலுவலர். சாயத்தண்ணி ஓடையில போகுதுன்னா மாசு கட்டுப்பாட்டு வாரியம். நொய்யல் ஆறு கெட்டுப்போன விவகாரத்துல 2011 ஜனவரில ஐகோர்ட்டு உத்தரவுப்படி திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடினதும் வாரியம் வழியாத்தான், மாநகராட்சி வழியா இல்ல. புறம்போக்குல ஆக்கிரமிப்புன்னா தாசில்தார், 1905 சட்டம். குளம், வாய்க்கால்னா நீர்வளத்துறை, 2007 சட்டம், ஆனா அந்தக் குளத்தை மாநகராட்சி பராமரிக்குதுன்னா அங்கயும் ஒரு காப்பி குடுக்கறது நல்லது. ஸ்டேட் ஹைவேஸ் ஓரம்னா நெடுஞ்சாலைத்துறை. தப்பான மேஜைல குடுத்த பெட்டிஷன் சரியான மேஜைக்கு நடந்து போய்ச் சேரறதுக்கே மாசம் ஆகும்.

அவசரம்னா வேற வழி இருக்கு

மேல சொன்ன நிதானமெல்லாம் விதிமீறல் கட்டிடத்துக்கு. விழப்போற கட்டிடத்துக்கு இல்ல. ஆபத்தான நிலையில இருக்கற கட்டிடமோ செவுரோன்னா உடனே ஆளை வெளியேத்தவும், பலப்படுத்தவோ இடிக்கவோ சொல்லவும் உள்ளாட்சிச் சட்டத்துல தனி அதிகாரம் இருக்கு.

இது ஏன் முக்கியம்னு மேட்டுப்பாளையத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 2019 டிசம்பர் 2, விடியக்காலை, நல்ல மழை, நடூர்ல ஒரு வீட்டோட உயரமான கருங்கல் காம்பவுண்டு செவுரு சாஞ்சு பக்கத்துல இருந்த ஓட்டு வீடுக மேல விழுந்து 17 பேர் செத்துப்போனாங்க, குழந்தைகளும் அதுல. அந்த செவுரு ஆபத்துன்னு முன்னாடியே சொல்லியிருந்தோம்னு அங்க இருந்தவங்க சொன்னது அப்ப செய்தில வந்துச்சு. காம்பவுண்டு செவுரை நாம கட்டிடம்னே நெனைக்கறதில்ல, மண்ணைத் தாங்கி நிக்கற செவுருன்னா தண்ணி வெளியேற ஓட்டை விடணுங்கறதும் மேஸ்திரி ஞாபகப்படுத்தினாத்தான் உண்டு. மழைத்தண்ணி ஊறின மண்ணு தள்ளற தள்ளுல தடிமனான கல்லுச் செவுரும் சாஞ்சுடலாம்.

அதனால ஒரு செவுரு வயிறு தள்ளியிருக்கு, விரிசல் பெருசாகிட்டே போகுதுன்னா பெட்டிஷன்ல செட்பேக், எஃப்எஸ்ஐ கணக்கெல்லாம் எழுதி நேரத்தை வீணாக்காதீங்க. "உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளது"ன்னு முதல் வரில எழுதுங்க, போட்டோ வெச்சு கமிஷனருக்கும் தாசில்தாருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் ஒரே நாள்ல குடுங்க.

பெட்டிஷன் எழுதறவங்களுக்கும் நோட்டீஸ் வாங்கினவங்களுக்கும்

எழுதறவங்க கதவு எண், வார்டு, தெரிஞ்சா சர்வே நம்பர் போடுங்க. எந்தப் பக்கம், என்ன மீறல்னு ரெண்டே வரி. அவங்க குடும்பம் நம்ம ஒறம்பரை, பத்து வருசப் பகை, ஊர்ப் பஞ்சாயத்துல பேசினது எல்லாம் வேண்டாம். வேலை நடந்துட்டிருக்கும்போதே குடுங்க, அஸ்திவாரத்துல நிறுத்தறது சுலபம், கிரகப்பிரவேசம் முடிஞ்சு ஆள் குடி வந்த பொறவு ரொம்பக் கஷ்டம். குடுத்ததுக்கு ரசீது வாங்கிக்குங்க. ரெண்டு மாசத்துல சத்தமில்லைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாள்ல பதில் சொல்லணும். "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேட்டா சுத்தி வளைச்சு ஒரு பதில் வரும், அதனால "ஆய்வு செய்த தேதி, நோட்டீஸ் கொடுத்த தேதி, அதன் நகல்"னு கேளுங்க.

நோட்டீஸ் வாங்கினவங்க முதல்ல பதறாம தேதியைப் பாருங்க, பதில் குடுக்கற கெடு அதுல இருந்துதான் ஓடும். பதில் குடுக்காம கவுன்சிலர் வீட்டுக்கு அலையறதுலயே கெடு முடிஞ்சு போற கேஸ் நெறைய. உங்க இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து மீறல்னு சொன்ன இடத்தை நீங்களும் அளங்க, சில சமயம் அளவே தப்பா இருக்கும், அதை எழுத்துல சொல்லுங்க. விதிக்குள்ள வர்ற மாறுதல்னா திருத்தின பிளான் போட்டு அனுமதி கேக்கலாம். நீட்டின சன்ஷேடு, அடைச்ச பார்க்கிங் மாதிரின்னா நீங்களே எடுத்துட்டு, எடுத்த போட்டோவோட பதில் குடுத்தா பெரும்பாலும் ஃபைல் அங்கயே முடிஞ்சுடும். ஹாலோ பிளாக் செவுரு எடுக்க மேஸ்திரிக்கு ஒரு நாள் கூலிதான் ஆகும், வக்கீல் ஃபீஸ் அதை விட எச்சு.